இரவு பத்து மணிக்கு மேல் பேஸ் வாசிக்க எந்த ஹெட்ஃபோன் ஆம்ப்?

கேள்வி கேட்ட தம்பியின் நிலைமை இது. வேலை முடிந்து வீடு திரும்பவே இரவு ஒன்பதாகிவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பு, கீழ்வீட்டில் கைக்குழந்தை. பேஸ் கிட்டார் வாசிக்க ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. நான்கு கம்பி பாஸிவ் பேஸ் (உள்ளே பேட்டரி இல்லாத வகை) ஒன்றும் 15 வாட் பயிற்சி ஆம்ப் ஒன்றும் வைத்திருக்கிறார். வால்யூமை எவ்வளவு குறைத்தாலும் கீழேயிருந்து புகார் வருகிறது. பேஸை போனில் இணைத்து ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்த்தார். தாளம் கையில் நிற்கவில்லை. கடைக்குப் போனால் பத்து வகை ஹெட்ஃபோன் ஆம்ப், அதாவது வாத்தியத்தின் ஒலியைப் பெருக்கி ஹெட்ஃபோனுக்கு மட்டும் தரும் சின்னக் கருவி, காட்டுகிறார்கள். எதை வாங்குவது என்று கேட்கிறார்.

தம்பி, மாடி வீட்டில் குடியிருந்துகொண்டு பேஸ் கற்றவன் நான். இருபது வருஷத்தில் நான் வாசித்த நேரத்தில் பாதிக்கு மேல் ஹெட்ஃபோனுக்குள்தான் போயிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காசு செலவழிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஆம்பின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட்ஃபோன் படம் போட்ட ஜாக் ஒன்று இருக்கக்கூடும். ஃபெண்டர் ரம்பிள் 15, ரம்பிள் 25 மாதிரியான பயிற்சி ஆம்ப்களில் அது உண்டு. ஹெட்ஃபோனைச் செருகிய உடனே ஸ்பீக்கர் அடங்கிவிடும். போனிலிருந்து பாட்டைக் கொண்டுவர ஆக்ஸ் ஜாக்கும் அவற்றில் இருக்கிறது. உங்களுடையதிலும் அப்படி இருந்தால், நல்ல ஹெட்ஃபோன் ஒன்று போதும், இன்றிரவே உட்கார்ந்துவிடலாம். பின்னணியில் மெல்லிய 'உஸ்' சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் அப்படி வாசித்துவிட்டு, எது போதவில்லை என்று உங்களுக்கே தெரிந்தபின் கடைக்குப் போனால் விற்பவரிடம் சரியான கேள்வி கேட்பீர்கள்.

கீழ்வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேஸின் தடித்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. காற்றில் அந்த ஒலியின் ஓர் அலை எட்டு மீட்டருக்கும் நீளம், அதாவது உங்கள் ஹாலைவிடப் பெரிது. பேச்சுச் சத்தத்தைச் சுவரும் தளமும் ஓரளவு தடுத்துவிடும், இவ்வளவு தாழ்ந்த ஒலியை அந்த அளவுக்குத் தடுக்காது. போதாததற்கு ஆம்ப் தரையில் உட்கார்ந்து தளத்தையே நேராக அதிர வைக்கிறது. நீங்கள் மேலே கேட்பது சுருதியும் விரலோசையும். கீழே போய்ச் சேர்வது வெறும் உறுமல். பாட்டு இல்லாமல் உறுமல் மட்டும் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும், அதுவும் குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பயிற்சி ஆம்பில் உள்ள 8 இஞ்ச் ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைச் சரியாக எழுப்ப முடியாது. நீங்கள் கேட்பது பெரும்பாலும் அதன் மடங்குகளான 82, 123 ஹெர்ட்ஸ் ஒலிகளைத்தான். அடியில் இல்லாத ஒலியை மூளை தானாகவே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆகவே நல்ல ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முதல் தடவை ஈ கம்பியைத் திறந்து மீட்டும்போது திடுக்கிட்டுப் போவீர்கள். ஒரு வருஷமாக நீங்களே வாசித்துவந்த ஸ்வரத்தின் அடிப்பாகம் அன்றைக்குத்தான் உங்கள் காதுக்கு வரும்.

அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் ஹெட்ஃபோனைப் பற்றிப் பேசுகிறேன், ஆம்பைப் பற்றி அப்புறம்தான். கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் ஹெட்ஃபோனுக்கு ஒதுக்குங்கள். சாதாரண ஆம்பும் நல்ல ஹெட்ஃபோனும் சேர்ந்தால் பயிற்சி நடக்கும். விலை உயர்ந்த ஆம்பை வாங்கி மட்டமான ஹெட்ஃபோனில் கேட்டால் செலவு வீண்.

பேஸுக்கு வேண்டியது காதைச் சுற்றி முழுசாக மூடும், பின்பக்கமும் அடைத்த வகை ஹெட்ஃபோன். ஹெட்ஃபோன் ஓர் அறையை நிரப்ப வேண்டியதில்லை. காதுக்கும் அதன் சவ்வுக்கும் நடுவில் அடைபட்ட கொஞ்சம் காற்றை அசைத்தால் போதும், 40 ஹெர்ட்ஸ் வந்துவிடும். ஆனால் அந்தக் காற்று அடைபட்டே இருக்க வேண்டும். கண்ணாடிக் காம்பு ஒரு நூலளவு இடைவெளி விட்டாலும் அடிப்பகுதி கசிந்து போய்விடும். சோதிப்பது சுலபம். ஈ கம்பியை மீட்டிவிட்டு இரண்டு உள்ளங்கையாலும் காதுமூடிகளை மெதுவாக அழுத்துங்கள். அழுத்தியதும் ஒலி திடீரென்று தடித்தால் உங்கள் தலைக்கு அது சரியாகப் படியவில்லை. மெத்தை தேய்ந்துபோன பழைய ஹெட்ஃபோனிலும் இப்படித்தான் ஆகும். மெத்தையை மட்டும் மாற்றினாலே காணாமல்போன அடி ஒலி திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் திறந்த வகை பாட்டுக் கேட்க அழகாக இருக்கும். ஆனால் அவற்றில் அடி ஒலி சீக்கிரமே தேய்ந்துவிடும், பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் உங்கள் வாசிப்பு கேட்கும்.

ஹெட்ஃபோனின் ஓம் கணக்கையும், அதாவது அதன் மின்தடையையும் பார்த்து வாங்குங்கள். ஆடியோ-டெக்னிகா ஏடிஹெச்-எம்50எக்ஸ் 38 ஓம், சோனி எம்டிஆர்-7506 63 ஓம். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று பல வகைகளில் வருகிறது. பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப் ஹெட்ஃபோனுக்கு 1 வோல்ட் தருகிறது என்று வையுங்கள். 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு அதிலிருந்து சுமார் 31 மில்லிவாட் கிடைக்கும், 250 ஓம் ஹெட்ஃபோனுக்குக் கிடைப்பது வெறும் 4 மில்லிவாட். பேஸ்தான் இருப்பதிலேயே அதிக சக்தி கேட்கும் வாத்தியம். சக்தி போதாத ஆம்பில் வால்யூமை ஏற்றினால் சத்தம் கூடுவதற்குப் பதிலாக ஸ்வரம் கிழிய ஆரம்பிக்கும். கடையில் 250 ஓம் வகை தள்ளுபடியில் கிடைத்தாலும் உங்கள் வேலைக்கு 32 முதல் 80 வரை போதும்.

இனி ஆம்ப். நான் முதலில் பார்ப்பது பேஸைச் செருகும் பக்கத்தை. பாஸிவ் பேஸின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. அதிலிருந்து வரும் மின்சாரம் மிகவும் பலவீனமானது. அதைக் கொண்டுபோய் பத்தாயிரம் ஓம் அளவிலான சாதாரண ஆடியோ ஜாக்கில் கொடுத்தால், அந்த ஜாக் பாதியைத் தின்றுவிடும். மேல் ஒலிகள் மங்கி, கம்பியின் மேல் துணி போர்த்தி வாசிப்பது மாதிரி கேட்கும். கிட்டாருக்கென்றே செய்த கருவியில் இந்தப் பக்கம் பத்து லட்சம் ஓம், அதாவது 1 மெகாஓம் அளவில் இருக்கும். போனில் இருநூறு ரூபாய் ஒயர் வழியாக பேஸைச் செருகியவர்களுக்கு ஒலி மந்தமாக வருவதற்கு முக்கியமான காரணம் இதுதான். 9 வோல்ட் பேட்டரி போடும் ஆக்டிவ் பேஸ் என்றால் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் அதன் சிக்னல் சூடாக வரும், ஆம்பின் கெயினை (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் திருகை) குறைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்தது தாமதம். ப்ளூடூத் ஹெட்ஃபோனில் உங்களுக்குத் தாளம் நிற்காததற்கு விரலைக் குறை சொல்லாதீர்கள். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி காதுக்கு வந்து சேர 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை ஆகிறது. நிமிஷத்துக்கு 120 அடி வேகத்தில், ஓர் அடியை நான்காகப் பிரித்தால் ஒரு பங்குக்கு 125 மில்லிசெகண்ட். நீங்கள் மீட்டிய ஸ்வரம் அடுத்த ஸ்வரத்தின் இடத்தையும் தாண்டி வந்து கேட்கிறது. இப்படியே பழகினால் கை முந்திப் போகக் கற்றுக்கொள்ளும், பிறகு டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கையில் அதைத் திருத்துவது பெரும்பாடு. அதற்கு மாறாக 10 மில்லிசெகண்டுக்கு உட்பட்ட தாமதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆம்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசித்தாலே ஒலி வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும்.

அட்டையில் 'ப்ளூடூத் உண்டு' என்று போட்டிருந்தால் அது எந்தப் பக்கத்து ப்ளூடூத் என்று கேளுங்கள். போனிலிருந்து பாட்டு ப்ளூடூத்தில் ஆம்புக்குள் வருவது நல்ல வசதி. பாட்டு தாமதமாக வந்தாலும் நீங்கள் கேட்கும் பாட்டோடுதானே வாசிக்கிறீர்கள், ஒன்றும் கெடாது. 3.5 மில்லிமீட்டர் ஜாக் இல்லாத போன்களுக்கு இது ரொம்பவே உதவி. ஆம்பிலிருந்து உங்கள் காதுக்குப் போகும் வழி மட்டும் ஒயராக இருக்க வேண்டும். பாஸ் நிறுவனத்தின் வாஸா-ஏர் பேஸ் என்ற ஹெட்ஃபோன் ஒயர் இல்லாமலே வேலை செய்கிறதே என்று கேட்கலாம். அது பேஸிலிருந்து வரும் ஒலிக்கு ப்ளூடூத்தைப் பயன்படுத்தாமல், தனக்கென்று தனி ரேடியோ இணைப்பை வைத்திருக்கிறது. விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

பாட்டோடு சேர்ந்து வாசிக்கும் வசதி இல்லாத ஹெட்ஃபோன் ஆம்பை நான் யாருக்கும் சொல்வதில்லை. தனியாக ஸ்கேல் ஓட்டுவதில் பத்து நிமிஷத்துக்கு மேல் மனம் நிற்காது. பேஸ் என்பதே இன்னொன்றோடு சேர்ந்து நிற்கும் வாத்தியம். எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காத பேஸ் அங்கே மெட்டுக்குக் கீழே தன் போக்கில் இன்னொரு மெட்டாக நடந்துகொண்டிருக்கும். அதைக் காதால் பிடித்து, எட்டு பார் (தாளச் சுற்று) வாசித்து, நிறுத்தி, திரும்பப் போட்டு வாசித்தால் ஒரு மணி நேரம் போனதே தெரியாது. எனக்கு யாரும் பாடத்திட்டம் தந்ததில்லை, இந்தப் பழக்கம்தான் கற்றுக் கொடுத்தது. பல சின்னக் கருவிகளில் பாட்டுக்கென்று தனி வால்யூம் திருகு இருக்காது, போனிலேயே கூட்டிக் குறைக்க வேண்டும். உங்கள் பேஸ் பாட்டைவிட ஒரு படி மேலே கேட்கும்படி வையுங்கள். பாட்டின் பேஸுக்குள் உங்கள் தவறுகள் ஒளிந்துகொள்ளக் கூடாது.

இப்போது வகைகள். ஹெட்ஃபோனில் கிட்டார் கேட்கும் கருவியைப் பிரபலமாக்கியவர் போஸ்டன் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ். எம்ஐடியில் படித்த மெக்கானிக்கல் எஞ்சினியர் அவர். 1982இல் இடுப்பில் மாட்டும் அளவில் ராக்மேன் என்ற பெட்டியைக் கொண்டுவந்தார். பேஸுக்கென்றும் தனியாக ஒரு ராக்மேன் வந்தது. இன்றைக்குக் கடையில் இருப்பதெல்லாம் ஒருவகையில் அதன் வாரிசுகள்.

நேராக ஜாக்கில் செருகும் வகையில் வாக்ஸ் ஆம்ப்ளக் பழைய பெயர். தீப்பெட்டிகள் இரண்டை ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். ஆம்ப்ளக் 2 பேஸ் இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடுகிறது. அதற்குள்ளேயே தாள வரிசைகளும் உண்டு. திருகுகள் மூன்றுதான் என்பது எனக்குப் பிடித்த விஷயம். இதில் கவனிக்க வேண்டியது, ஆம்ப்ளக் பல ரகங்களில் வருகிறது, பேஸ் என்று பெயர் போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும். கிட்டாருக்கான ரகத்தில் செருகினாலும் சத்தம் வரும், ஆனால் அது கிட்டார் ஒலிக்கென்று வடித்தது, உங்கள் ஈ கம்பி இளைத்துப் போயிருக்கும். வேறொரு நிறுவனத்தின் கிட்டார் ரகத்தை விலை குறைவென்று வாங்கி ஒரு வருஷம் ஓட்டினேன். என் பேஸில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு செட் கம்பி மாற்றினேன்.

செருகும் வகையில் இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. பேஸின் ஜாக் பக்கவாட்டில் இருந்தால், உட்கார்ந்து வாசிக்கும்போது ஆம்ப் தொடையிலும் நாற்காலிக் கையிலும் இடிக்கும். ஒவ்வொரு இடியும் ஜாக்கின் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும். நட்டு தளர்ந்தால் ஜாக் உள்ளே சுழலும், ஒருநாள் சால்டர் விட்டுப்போய் ஒலி கரகரவென்று வெட்டும். எனக்கு அது நடந்தது ஒரு கச்சேரிக்கு முந்தின நாள் இரவு. இப்போதெல்லாம் அரை அடி நீட்டிப்பு ஒயர் ஒன்றைப் போட்டு ஆம்பை இடுப்பு வாரில் மாட்டிக்கொள்கிறேன். ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். ஜாக்கில் ஏதாவது செருகியிருக்கும் வரை பேஸுக்குள் உள்ள பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். ஆம்பை அணைத்தாலும் அது நிற்காது. படுக்கப் போகும்முன் பிடுங்கிவிடுங்கள்.

இதே உருவில் டிஜிட்டல் வகையும் இருக்கிறது. பாஸ் கட்டானா:கோ 2024இல் வந்தது. அதில் பேஸுக்கென்று தனி மோடும் போனிலிருந்து பாட்டைக் கொண்டுவர ப்ளூடூத்தும் உண்டு, யூஎஸ்பி-சியில் சார்ஜ் ஆகும். என்யூஎக்ஸ் மைட்டி ப்ளக் ப்ரோவிலும் பேஸ் ஆம்ப் மாதிரிகள் இருக்கின்றன. ஒலி ஆம்ப்ளக்கைவிடச் செறிவாக இருக்கும். எனக்கு இவற்றில் உள்ள குறை, நுணுக்கமாக எதை மாற்ற வேண்டுமானாலும் போனில் செயலியைத் திறக்க வேண்டும். போனைத் திறந்தால் வாட்ஸ்அப் கண்ணில் படும், அந்த இரவு முடிந்தது. உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு உண்டென்றால் தாராளமாக வாங்கலாம்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு நான் சொல்வது, பல ஒலி விளைவுகளை ஒன்றாகத் தரும் சின்ன மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி. ஜூம் பி1 ஃபோர் அந்த வகை. தரையிலோ மேசையிலோ வைத்து ஒரு கேபிளால் பேஸை இணைக்கிறீர்கள், ஜாக்கில் எதுவும் தொங்காது. டியூனர், தாள இயந்திரம், 30 செகண்ட் லூப்பர், ஆக்ஸ், ஹெட்ஃபோன் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. நான்கு ஏஏ பேட்டரியிலும் ஓடும், அதனால் கரண்ட் போனாலும் பயிற்சி நிற்காது. லூப்பரை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்காதீர்கள். நீங்கள் வாசித்த நான்கு பாரைப் பதிவு செய்து, கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா கேளுங்கள். வாசிக்கையில் தெரியாத ஓட்டமும் தேக்கமும் கேட்கையில் பளிச்சென்று தெரியும். ஸ்வரம் ஆரம்பிக்கும் இடத்தில் சரியாக இருப்போம், முடியும் இடத்தில் அலட்சியமாக விட்டிருப்போம். எனக்கு இதைக் காட்டிக் கொடுத்தது லூப்பர்தான்.

மடிக்கணினி இருந்தால், வாத்தியத்தைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் ஒரு வழி. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவில் 'இன்ஸ்ட்' பட்டனை அழுத்தினால் பேஸை நேராகச் செருகலாம். டைரக்ட் மானிட்டரைப் போட்டால் கணினியைச் சுற்றாமலேயே ஒலி காதுக்கு வரும். மென்பொருள் ஆம்ப் வழியாகக் கேட்பதென்றால் பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலித் துண்டின் அளவை) 128 சாம்பிளில் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது மூன்று மில்லிசெகண்டுக்கும் குறைவு, போகவர எல்லாம் சேர்ந்தாலும் சமாளிக்கலாம். பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் இதைவிட நல்ல முதலீடு இல்லை. ஆனால் பகலெல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு வருபவர் இரவிலும் அதைத் திறப்பாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கைக்கெட்டும் தூரத்தில், பத்து செகண்டில் ஆன் ஆகும் கருவிதான் தினமும் கையில் எடுக்கப்படுகிறது. அதற்கும் மேலே ஃபில் ஜோன்ஸ் பிக்ஹெட், டார்க்கிளாஸ் எலிமெண்ட் என்று பேஸ்காரர்களுக்கென்றே செய்தவை இருக்கின்றன. அருமையான ஒலி, இரண்டாவது வருஷத்தில் அவசியமில்லை.

விற்பவர்கள் அதிகம் பேசும் 'எத்தனை ஆம்ப் மாதிரிகள்' என்ற கணக்குக்கு நான் மதிப்பே தருவதில்லை. பேஸுக்கு ஒரு சுத்தமான ஒலியும், ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தைப் போலி செய்யும் வசதி ஒன்றும் போதும். பேஸ் ஸ்பீக்கர் மேல் ஒலிகளை இயல்பாகவே மழுக்கிவிடும். ஹெட்ஃபோன் மழுக்காது. அதனால் கழுத்திலுள்ள உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் கம்பி படும் 'க்ளிக்' ஒலியும் விரல் உரசுவதும் காதுக்குள் கூர்மையாகக் கேட்கும். பெட்டி போலியைப் போட்டால் அது அடங்கும். நான் வாரத்தில் சில நாள் வேண்டுமென்றே அதை அணைத்துவிட்டு வாசிப்பேன். எந்தக் கம்பியை அடக்காமல் விட்டோம், எந்த விரல் தாமதமாக எழுந்தது என்று மறைக்காமல் சொல்லிவிடும். டைரக்டாக எடுத்த ஒலி மட்டம் என்ற எண்ணமும் வேண்டாம். 1960களில் டெட்ராய்டின் மோடவுன் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸை ஆம்புக்கு முன்னால் மைக் வைத்துப் பிடிக்காமல் நேராகவே பதிவுப் பலகைக்குக் கொண்டுபோனார்கள். உலகமெங்கும் பேஸ்காரர்கள் இன்றைக்கும் படித்துக்கொண்டிருப்பது அந்த ஒலியைத்தான்.

நம் வீடுகளில் சரியாக வந்து மாட்டும் ஒரு தொல்லை இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். திறந்த ஜி கம்பி 98, மின் இரைச்சலின் இரண்டாவது மடங்கு 100. அதாவது ஃப்யூஸ் பெட்டியிலிருந்து வரும் 'ம்ம்ம்' உங்கள் வாத்தியத்தின் நடுவிலேயே, சுருதி கொஞ்சம் கூடிப்போன ஜியாக வந்து உட்காருகிறது. அதை, குறிப்பிட்ட ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவால் வெட்டப் போனால் ஸ்வரமும் சேர்ந்து வெட்டுப்படும். மூலத்தில்தான் அடக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் கருவி முதல் படி. யூஎஸ்பி சார்ஜரை மாட்டியபடி வாசிக்காதீர்கள், பல மலிவான சார்ஜர்கள் 'ஙீ' என்ற ஒலியை உள்ளே விடும். மடிக்கணினியில் இரைந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பெரும்பாலும் அந்த நொடியே நிற்கும். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, கையை எடுத்தால் கூடுகிறது என்றால் அது சாதாரணம். உங்களுடையது ஜாஸ் பேஸ் வகையா? 1960இல் வந்த அந்த வடிவத்தில் இரண்டு பிக்கப். இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அழித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் இரைச்சல் எட்டிப்பார்க்கும். 1957 முதல் ப்ரிசிஷன் பேஸில் வரும் இரண்டாகப் பிளந்த பிக்கப்புக்கு அந்தக் கவலை இல்லை.

காதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் தப்பாகிவிடும். மெதுவான சத்தத்தில் மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலி சரியாகக் கேட்காது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் கேட்கும் அளவுக்கு 40 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமென்றால் 80 டெசிபலுக்கு மேல் வேண்டும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். பேஸ்காரன் ஹெட்ஃபோனில் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவதற்கு வேர் இங்கேதான். அடி ஒலியைத் தேடிக் கூட்டுகிறோம், கூடவே நடு ஒலிகளும் விரலோசையும் ஏறிக் காதை அடிக்கின்றன. மேடையில் நெஞ்சில் இடிக்கும் அந்த உணர்வை ஹெட்ஃபோனில் தேடித் தேடி நானும் ஓர் இரவு மூன்று மணி நேரம் வாசித்தேன். இரண்டு நாள் காதில் ரீங்காரம் நிற்கவில்லை. சரியாகிவிட்டது, ஆனால் அந்த இரண்டு நாள் பயம் இன்னும் நினைவில் இருக்கிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான நியோஷின் கணக்கு. 91 டெசிபலில் இரண்டு மணி நேரம்தான்.

ஆகவே மெதுவாக வாசிக்கும்போது வால்யூமைத் தொடாமல் பேஸ் திருகைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், அது ஏமாற்று வேலை இல்லை. இன்னொரு வழி எனக்குப் பிடித்தது. பேஸின் மேல் கொம்பில் தாடையை மெதுவாகச் சாய்த்து ஈ கம்பியை மீட்டுங்கள். மரத்தின் அதிர்வு எலும்பு வழியாகவே ஏறி, ஹெட்ஃபோனில் கேட்கும் ஸ்வரத்துக்கு உடம்பு கொடுக்கும். ஹெட்ஃபோனே இல்லாமல் வாசிக்கும்போதும் இது கைகொடுக்கும்.

உங்களுக்கு என் பதில்: ஆம்பில் ஹெட்ஃபோன் ஜாக் இருந்தால் 32 முதல் 80 ஓமுக்குள் மூடிய ஹெட்ஃபோன் ஒன்றை மட்டும் இப்போது வாங்குங்கள். இல்லையென்றால் அதே ஹெட்ஃபோனும் ஜூம் பி1 ஃபோரும். வாசிக்கும் இடம் நாளுக்கு நாள் மாறும், பையில் போட்டுக்கொண்டு ஊருக்கும் போவீர்கள் என்றால் ஜூமுக்குப் பதில் ஆம்ப்ளக்கின் பேஸ் ரகம்.

கடைக்குப் போகும்போது உங்கள் பேஸையும், ஹெட்ஃபோன் வாங்கிவிட்டீர்கள் என்றால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் தரும் பேஸில் எல்லாமே நன்றாகக் கேட்கும். ஈக்யூ எல்லாவற்றையும் நடுவில் வைத்து ஈ கம்பியை மீட்டி, அது தேய்ந்து மறையும் வரை காத்திருங்கள். வால் பகுதியில் கரகரத்தாலோ 'உஸ்' சத்தம் ஸ்வரத்தை விழுங்கினாலோ கவனித்துக்கொள்ளுங்கள். அடுத்து அதே கம்பியைப் பலமாக, கட்டைவிரலால் அடியுங்கள். ஒலி கிழிந்தால் கெயினைக் குறைத்து மறுபடி அடியுங்கள், அப்போதும் கிழிந்தால் அதன் சக்தி உங்கள் ஹெட்ஃபோனுக்குப் போதவில்லை. பாட்டை ஓடவிட்டு இரண்டு காதிலும் பேஸ் சமமாக வருகிறதா என்று பாருங்கள். மோனோ (ஒற்றைத் தட) பிளக் காரணமாக ஒரே காதில் மட்டும் வருவது அடிக்கடி நடக்கும். கடைசியில் பாட்டை நிறுத்திவிட்டு, நான்கு கம்பியையும் உள்ளங்கையால் அணைத்து, அரை நிமிஷம் ஒன்றும் வாசிக்காமல் கேளுங்கள். அந்த அமைதியில் இரைந்தால் ஒயரை மாற்றிப் பாருங்கள். அப்போதும் இரைந்தால் அடுத்த பெட்டியை எடுக்கச் சொல்லுங்கள்.